வாங்கலாமா, வேண்டாமா? ஜிபிஎஸ் ரிசீவர் கடிதங்கள்

போன தடவை ஜிபிஎஸ் ரிசீவரை (செயற்கைக்கோள் சிக்னலை வாங்கி இடத்தைச் சொல்லும் கருவி) கணினியின் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், சோதிப்பது பற்றி இரண்டே வரி எழுதினேன், அதற்கு இத்தனை கடிதங்கள். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் 'நியோ-எம்8என்' என்ற ஜிபிஎஸ் மாட்யூல் 38 மலேசிய வெள்ளிக்கு வாங்கினேன். வேலை செய்கிறது, ஆனால் நண்பன் போலி என்கிறான். எப்படிக் கண்டுபிடிப்பது? – பட்டர்வொர்த் வாசகர்

பதில்: அந்த விலைக்கு நண்பன் பக்கம்தான் நானும். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை, அதை அச்சடிக்கப் பத்து காசு கூட ஆகாது. சிப்பையே கேளுங்கள். லினக்ஸில் ரிசீவரோடு பேசும் மென்பொருளான ஜிபிஎஸ்டி தொகுப்பை நிறுவினால் கூடவே யூபிஎக்ஸ்டூல் என்ற கருவியும் கிடைக்கும் (சில லினக்ஸ்களில் அதன் துணைத் தொகுப்பையும் சேர்த்து நிறுவ வேண்டும்). அதில் 'மான்-வெர்' என்று கேட்டால் சிப் தன் பதிப்பைச் சொல்லும். அசல் எம்8என்னுக்குள் தனி ஃபிளாஷ் நினைவகம் உண்டு, அதனால் வழக்கமாக 'எக்ஸ்ட் கோர்' (அந்த ஃபிளாஷிலிருந்து ஓடுகிறது) என்று பதில் வரும். 'ரோம் கோர்' (சிப்பில் நிரந்தரமாகப் பதித்ததிலிருந்து ஓடுகிறது) என்று வந்தால் வேறு சிப்புக்கு எம்8என் சட்டை போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஜிபிஎஸ்டியோடு வரும் ஜிபிஎஸ்பைப் கருவியை மைனஸ் ஆர் போட்டு ஓட்டுங்கள். ரிசீவர் தரும் தகவல் வரி வரியாகத் திரையில் ஓடும். டாலர் குறிக்கு அடுத்த இரண்டு எழுத்தைக் கவனியுங்கள். ஜிபி என்றால் அமெரிக்காவின் ஜிபிஎஸ், ஜிஎல் என்றால் ரஷ்யாவின் குளோனாஸ். எம்8 தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இரண்டையும் பிடிக்கும். வெட்டவெளியில் கால் மணி நேரம் வைத்தும் செயற்கைக்கோள் பட்டியலில் ஜிபிஜிஎஸ்வி என்ற ஜிபிஎஸ் வரி மட்டுமே வருகிறதா? யாரும் அமைப்பை மாற்றாதவரை, உங்கள் கையில் இருப்பது அநேகமாகப் பழைய நியோ-6எம் மாட்யூல். அதற்கு ஜிபிஎஸ் தவிர வேறொன்றும் தெரியாது.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு எரிச்சல், இங்கேயே கொட்டிவிடுகிறேன். விளம்பரத்தில் 'ஹை பிரிசிஷன்', 'புரொபஷனல்', 'டுரோனுக்கு ஏற்றது' என்று வண்ண வண்ணமாக எழுதுகிறார்கள், சிப்பின் முழுப்பெயரை மட்டும் எழுதமாட்டார்கள். கேட்டால் 'சேம் சேம் லா பாஸ்' என்று பதில் வருகிறது. எப்படி சேம்? 6எம் ஒரு வகைச் செயற்கைக்கோளை மட்டும் பார்க்கும், எம்8என் மூன்று வகையை ஒரே நேரத்தில் பார்க்கும். பினாங்கு கொம்தார் பக்கத்து உயரமான கட்டடங்களுக்கு நடுவே வானம் ஒரு கீற்றாகத் தெரியும் இடத்தில் நின்று பாருங்கள், வித்தியாசம் புரியும். பச்சரிசியும் புழுங்கல் அரிசியும் சேம் என்று சொல்லி எந்த மளிகைக் கடைக்காரராவது விற்பாரா? சிப் பெயரை எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள், அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள். பொருள் வந்த அன்றே சோதியுங்கள். மூன்று மாதம் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, திருப்பும் கெடு முடிந்த பிறகு எனக்கு எழுதினால் நான் என்ன செய்யட்டும்?

கேள்வி: ரிசீவரைச் செருகியதும் 'பெர்மிஷன் டினைட்' என்கிறது. பழுதான பொருள் என்று திருப்பி அனுப்பட்டுமா? – செந்தூல் வாசகர்

பதில்: வேண்டாம், லினக்ஸில் அந்தப் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள 'டயல்அவுட்' குழுவில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டு வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள், கடைக்காரர் பாவம்.

கேள்வி: பழைய யுஎஸ்பி ரிசீவர் ஒன்றை மலிவாக வாங்கினேன். இடத்தைச் சரியாகக் காட்டுகிறது, தேதி மட்டும் இருபது வருஷம் பின்னால் போகிறது. பேட்டரி மாற்றினால் சரியாகுமா? – ஆயர் ஈத்தாம் வாசகர்

பதில்: ஆகாது. இந்தக் குழியில் நானே விழுந்து எழுந்தவன். 2020 தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு நடந்தபோது, எலி மாதிரி இருக்கும் பழைய ரிசீவர் ஒன்றைப் பையில் வைத்துத் தடத்தைப் பதிவு செய்தேன். படம் எடுத்த இடங்களைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்ற ஆசை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கேமரா 2020 பிப்ரவரி 8 என்கிறது, தடம் 2000 ஜூன் 24 என்கிறது. ஒரு படத்துக்கும் இடம் பொருந்தவில்லை. வேடிக்கை என்னவென்றால் கிழமை மட்டும் இரண்டிலும் சனி!

அங்கேதான் விஷயம் பிடிபட்டது. ஜிபிஎஸ் 1980 ஜனவரி 6-இலிருந்து வாரங்களை எண்ணுகிறது. பழைய சிக்னலில் அந்த எண்ணுக்குப் பத்து பிட்தான் இடம், அதாவது 0 முதல் 1023 வரைதான் எண்ண முடியும், 1024 வாரம் ஆனதும் மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்ட்டில் ஒருமுறை, 2019 ஏப்ரலில் இன்னொருமுறை அப்படிச் சுழன்றது. புது மென்பொருள் கிடைக்காத ரிசீவர்கள் 7168 நாள் பின்னாலேயே நின்றுவிடுகின்றன. ஜிபிஎஸ் கோப்புகளை மாற்றும் ஜிபிஎஸ்பேபல் மென்பொருளில் ஒரு வரி கொடுத்துத் தடத்தை அத்தனை நாள் முன்னால் தள்ளினேன், படங்கள் எல்லாம் மலையில் போய் உட்கார்ந்தன. நீங்களும் அப்படிச் செய்யலாம். ஆனால் கடிகாரம் ஒழுங்காக ஓட வேண்டிய வேலைக்கு அந்த ரிசீவர் வேண்டாம். மென்பொருளும் சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜிபிஎஸ்டியின் 3.20 முதல் 3.22 வரையான பதிப்புகள் 2021 அக்டோபர் 24 அன்று தேதியை 2002-க்குத் தள்ளிவிடும் பிழையோடு வந்தவை. 3.23 அல்லது அதற்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கொண்டோ 14-வது மாடி. ஹாலில் வைத்தால் செயற்கைக்கோளே கிடைப்பதில்லை. எந்த ரிசீவர் வாங்கலாம்? – கெப்போங் வாசகர்

பதில்: ஒன்றும் வாங்காதீர்கள், இருப்பதை ஜன்னலுக்கு வெளியே நீட்டுங்கள்.

கேள்வி: கார்மின் கோப்புகளை வரைபடமாக மாற்றும் 'லைசன்ஸ் மென்பொருள்' என்று சொல்லி பென்டிரைவில் 250 வெள்ளிக்கு விற்றார்கள். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டுமாம். உள்ளே இருப்பது ஜிபிஎஸ்பேபல் என்று மகன் சொல்கிறான். ஏமாந்துவிட்டேனா? – கிள்ளான் வாசகர்

பதில்: ஆமாம் ஐயா, ஏமாற்றியிருக்கிறார்கள், இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. ஜிபிஎஸ்பேபல், யாரும் பயன்படுத்தலாம், பகிரலாம் என்று அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் வரும் இலவச மென்பொருள். அதைப் பென்டிரைவில் போட்டுக் காசு வாங்குவதை அந்த உரிமம் தடுக்கவில்லை. ஆனால் வருஷச் சந்தா கட்டினால்தான் ஓடும் என்பது பச்சைப் பொய். மகனை உட்காரவைத்து ஒரே வரி கற்றுக்கொள்ளுங்கள்: ஐ போட்டு உள்ளே வரும் கோப்பின் வகை, சின்ன எஃப் போட்டு அதன் பெயர், ஓ போட்டு வெளியே வர வேண்டிய வகை, பெரிய எஃப் போட்டு புதுப் பெயர். இதற்குத்தான் 250 வெள்ளி.

பணத்தை விட்டுவிடாதீர்கள். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், 'லைசன்ஸ்' என்று எழுதிய உறை, எல்லாவற்றையும் சேர்த்து முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை தீர்ப்பாயம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வேண்டாம். மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

கேள்வி: சென்டிமீட்டர் துல்லியம் என்றார்கள், ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து ஸெட்-எஃப்9பி என்ற ரிசீவர் போர்டு வாங்கினேன். ஒரு மீட்டர் அங்கும் இங்கும் ஆடுகிறது. ஏமாற்றுப் பொருளா? – பாயான் லெப்பாஸ் வாசகர்

பதில்: பொருள் நல்ல பொருள் தம்பி, நீங்கள்தான் படிக்காமல் வாங்கியிருக்கிறீர்கள். திருத்தத் தகவல் வராமல் அது தனியாக நின்றால் மீட்டர் கணக்கில்தான் ஆடும். அந்தத் தகவலை அனுப்ப, இடம் துல்லியமாகத் தெரிந்த இன்னொரு நிலையம் பக்கத்தில் வைக்க வேண்டும், அல்லது ஜூபெம் என்ற மலேசிய நில அளவைத் துறையின் மைஆர்டிகேநெட் மாதிரிச் சேவைக்குச் சந்தா கட்ட வேண்டும். ஆர்டிகேலிப் என்ற மென்பொருள் தொகுப்பில் இருக்கும் எஸ்டிஆர்2எஸ்டிஆர் கருவி அந்தத் தகவலை இணையத்திலிருந்து வாங்கி போர்டுக்கு ஊட்டும். அப்புறம் ரிசீவர் இடத்தைச் சொல்லும் ஜிஜிஏ வரியில், தலைப்பை விட்டுவிட்டு, காற்புள்ளிகளுக்கு இடையே ஆறாவதாக வரும் எண்ணைப் பாருங்கள். 1 என்றால் தனியாக நிற்கிறது, 5 என்றால் பாதிக் கிணறு, 4 வந்தால்தான் சென்டிமீட்டர். ஆன்டெனாவும் இரு அலைவரிசை பிடிப்பதாக இருக்க வேண்டும். ஆயிரம் வெள்ளி கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் படித்திருக்கலாம்.

கேள்வி: ரிசீவர் கேபிளைச் செருகினால் விண்டோஸ் 'பிஎல்2303... சப்ளையரைக் கேளுங்கள்' என்கிறது. – பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

பதில்: பிஎல்2303 என்பது ரிசீவரை யுஎஸ்பியோடு இணைக்கும் சிப். உங்கள் கேபிளுக்குள் இருப்பது அதில் பழையது அல்லது நகல், புது டிரைவர் அதை ஏற்காது. லினக்ஸில் பெரும்பாலும் சத்தமில்லாமல் ஓடும். என்னிடம் அப்படி மூன்று கேபிள் இருக்கிறது. மூன்றாவதை வாங்கும்போதும் நான் சிப் பெயரைக் கேட்கவில்லை.