தொட்டிக்கு வெளியே தொங்கும் ஆர்க்கிட் வேர்களை வெட்டலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் மாடியில் நிழல்வலைக்குக் கீழே டென்ட்ரோபியம் ஆர்க்கிட் வளர்க்கிறேன். நான்கு வருடமாக அதே 6 அங்குல மண்தொட்டிதான். வேர்கள் பின்னிக்கொண்டு வெளியே தொங்குகின்றன, பூவும் குறைந்துவிட்டது. வெளிவேர்களை வெட்டிவிட்டுத் தொட்டி மாற்றலாமா?

பதில்: தயவுசெய்து வெட்டாதீர்கள். டென்ட்ரோபியம் மரத்தில் ஒட்டி வளரும் சாதி. வேர் வெளியே வருவது நோய் இல்லை. இப்போது செடிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதே அந்த வேர்களாக இருக்கலாம். கோளாறு தொட்டியின் நடுவில் இருக்கும். நான்கு வருடத்தில் தேங்காய் மட்டை மக்கிப் பொடிந்து, காற்றோட்டம் அடைபட்டு, உள்வேர் அழுகிவிடும்.

பூ முடிந்து, அடியில் புதுத்தளிர் கிளம்பி, அதன் வேர்நுனி அரை அங்குலம் எட்டிப்பார்க்கும்போது மாற்றுங்கள். அந்த வேர் நீண்டுவிட்டால் கை பட்டாலே ஒடியும். சித்திரை வெயில் வேண்டாம். ஆனிச் சாரல் விழுந்து காற்றில் ஈரம் ஏறிய பிறகு செய்வது நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெட்டுவாய் காயாமல் அழுகும்.

முதலில் தொட்டியோடு அரை மணி நேரம் தண்ணீரில் வையுங்கள். காய்ந்த வேர் முறியும், நனைந்த வேர் வளையும். தொட்டியில் ஒட்டிய வேரைப் பிய்க்காமல் தொட்டியை உடையுங்கள். வேரோடு ஒட்டிய ஓடு அப்படியே புதுத்தொட்டிக்குள் போகட்டும். சிக்கலை முழுக்கப் பிரிக்கவும் வேண்டாம். நடுவில் இருக்கும் மக்கலை மட்டும் உதிர்த்துக் கழுவுங்கள்.

இனி ஒவ்வொரு வேராக விரலால் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்ல வேர். நல்ல வேர் நனைந்ததும் பச்சை காட்டும். பழுப்பாகிக் கூடுபோல் அமுங்கி, இழுத்தால் தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் நின்றால் அழுகல். தீயில் காட்டி ஆறவைத்த கத்தரியால் அதை மட்டும் நறுக்குங்கள். இலை இல்லாத பழைய தண்டும் பச்சையாகத் திரண்டிருந்தால் இருக்கட்டும், புதுத்தளிருக்கு அதுதான் சேமிப்பு. செடியைப் பல செடியாகப் பிரிப்பதானால் ஒரு பங்குக்கு 3, 4 தண்டாவது வேண்டும். வெட்டிய தண்டுவாயில் சமையலுக்குப் போடும் லவங்கப்பட்டைத் தூள் தடவலாம், வேரில் படக்கூடாது. காப்பர் மருந்து டென்ட்ரோபியத்துக்கு ஆகாது.

புதுத்தொட்டி வேர்க்கட்டைவிட ஓர் அங்குலம் அகலம் போதும். பெரிய தொட்டியில் ஈரம் தேங்கும். சீமைக் கருவேல மரக்கரி 2 பங்கு, ஓட்டுச்சில்லு 1 பங்கு, ஒரு நாள் ஊறவைத்துத் தண்ணீர் மாற்றிக் கழுவிய மட்டைத்துண்டு 1 பங்கு. எல்லாம் ஓர் அங்குலத் துண்டுகள். மண் கூடவே கூடாது. பழைய தண்டுகள் தொட்டி விளிம்பை ஒட்டியும், தளிர் நடுவை நோக்கியும் இருக்கட்டும். அடித்தண்டு புதையக்கூடாது. வெளிவேர்களை உள்ளே திணிக்காமல் வெளியிலேயே விடுங்கள்; காற்றில் வளர்ந்த வேரைப் புதைத்தால் அழுகிவிடும்.

ஆடிக்காற்றில் செடி ஆடினால் புதுவேர் நுனி தேய்ந்து நின்றுவிடும். குச்சி நட்டு இறுக்கக் கட்டுங்கள். ஒரு வாரம் நல்ல நிழலில் வைத்து, காலையில் லேசாகத் தெளித்தால் போதும். பிறகு 50 சதவீத நிழல்வலைக்கு மாற்றலாம். புதுவேர் 2 அங்குலம் ஆனபின் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 1 கிராம் கலந்து வாரம் ஒருமுறை தெளியுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கரியில் வெள்ளை படிந்து வேர்நுனி கருகும். மழைத்தண்ணீரோ ஆற்றுத்தண்ணீரோ ஊற்றுங்கள்.