வறட்சியைத் தாங்கும் கோதுமை – கடிதம்

அன்புள்ள ஐயா,

வறட்சியைத் தாங்கும் கோதுமை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பருத்தியில் காய்ப்புழுவுக்கு எதிராக ஒரு மரபணுவைச் சேர்த்தார்கள். அதேபோல வறட்சிக்கும் ஒன்றைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்ததுதானே? ஏன் இத்தனை ஆண்டுகள் இழுக்கிறது?

– ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

அப்படி ஒரு கோதுமை இருக்கிறது. சூரியகாந்தி மரபணு ஒன்றைச் சேர்த்த எச்பி4 கோதுமைக்கு அர்ஜென்டினா 2020இல் அனுமதி கொடுத்தது. அதோடு வேலை முடிந்துவிடவில்லை. காய்ப்புழு எங்கே வந்தாலும் காய்ப்புழுதான். வறட்சி அப்படி இல்லை. விதைத்த கையோடு மழை பொய்ப்பது ஒரு வகை, பூக்கும்போது பொய்ப்பது வேறு வகை. பால் பிடிக்கும் பருவத்தில் மண் காய்ந்து, வெயிலும் ஏறினால் அது இன்னொன்று. முதலாவதில் தப்பிய ரகம் மூன்றாவதில் பதராகிவிடலாம்.

செடி பிழைத்தால் மட்டும் விவசாயிக்குப் போதாது என்பதையும் பார்க்க வேண்டும். இலைத்துளைகளை இறுக மூடிக்கொண்டால் நீர் வெளியேறாமல் செடி பல நாள் தாக்குப்பிடிக்கும். ஆனால் கரியமில வாயுவும் உள்ளே வராது, கதிரில் மணி எங்கிருந்து பிடிக்கும்?

இந்த இடத்தில் ஆஸ்திரேலியாவில் ஆய்வாளர்கள் கிரஹாம் ஃபார்குவாரும் ரிச்சர்ட் ரிச்சர்ட்ஸும் செய்த வேலையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இன்றும் வியப்பு தருவது அது. காற்றிலுள்ள கரியமில வாயுவில் மிகச் சிறு பங்கு, சற்றுக் கனமான கார்பன்-13. இலைத்துளைகள் தாராளமாகத் திறந்திருக்கும்போது செடி அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். துளைகள் குறுகும்போது உள்ளே இருப்பதே கொஞ்சம், ஒதுக்க வழியில்லை, அதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். ஆகவே இலையைக் காயவைத்துப் பொடித்து, அதில் கார்பன்-13 எவ்வளவு என்று அளந்தால், அந்தச் செடி தண்ணீரை எவ்வளவு சிக்கனமாகச் செலவழித்தது என்று தெரிந்துவிடும். இந்த அளவீட்டைக் கொண்டு தேர்ந்தெடுத்த டிரைஸ்டேல் என்ற ரகம் 2002இல் வெளிவந்தது.

ஆனால் சிக்கனம் எல்லா நிலத்துக்கும் ஒத்துவராது. மண்ணில் சேர்ந்திருக்கும் ஈரத்தை நம்பிப் பயிர் செய்யும் இடத்தில் அது கைகொடுக்கும். பயிர்க்காலத்திலேயே மழை பெய்யும் இடத்தில், செடி மிச்சம் பிடிக்கும் நீரில் பெரும்பகுதி மேல்மண்ணிலிருந்து ஆவியாகிப் போகும். அங்கே சீக்கிரம் தழைத்து நிலத்தை மூடும் ரகம்தான் நன்றாக விளையும். ஆழத்தில் ஈரம் தங்கும் மண்ணுக்கோ ஆழமாக வேர்விடும் ரகம் வேண்டும். அதைக் கண்டுபிடிக்க வேரைத் தோண்டத் தேவையில்லை. மெக்சிகோவில் சிம்மிட் என்ற சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் சோனோரா பாலைநில வயல்களில் பாசனத்தைத் தாங்களே குறைத்து வறட்சியை உண்டாக்குகிறார்கள். பிறகு அகச்சிவப்பு வெப்பமானியைப் பயிரின் மேல் காட்டுகிறார்கள். ஆழத்து ஈரத்தை எட்டிய செடி நீராவி விடுவதால், பக்கத்துப் பாத்தியைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்.

காலம் ஏன் பிடிக்கிறது என்று கேட்டீர்கள். தலைமுறைகளை வேகப்படுத்தலாம். ஒரு நாளில் 22 மணி நேரம் விளக்கொளி கொடுத்து, ஆண்டுக்கு ஆறு தலைமுறை வரை கோதுமை வளர்க்கிறார்கள். வயல் சோதனையைத்தான் அவசரப்படுத்த முடியாது. மழை தவறிய ஆண்டுகளிலும் நன்றாகப் பெய்த ஆண்டுகளிலும், பல ஊர் மண்ணில் அந்த ரகம் விளைந்து காட்ட வேண்டும். மழை நன்றாகப் பெய்யும்போது விளைச்சல் குறையும் ரகத்தை எந்த விவசாயி விதைப்பார்?

அடுத்த முறை 'வறட்சி மரபணு கண்டுபிடிப்பு' என்று செய்தி வந்தால், எந்தப் பருவத்து வறட்சி, தொட்டியிலா வயலிலா, எத்தனை ஆண்டு விளைச்சல் என்று தேடிப் பாருங்கள்.

அன்புடன்.