ஆலையில் ஆள் ஏன் நிற்பதில்லை? கேள்வி பதில்

நூற்பாலையிலும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையிலும் 31 ஆண்டுகள் பணியாளர் துறையில் இருந்தவன் நான். ஆட்கள் வேலையில் நிலைப்பது பற்றிக் கேளுங்கள்.

ஓசூர் உறுப்பினர்: மாதம் 40 பேரைச் சேர்த்தால் 35 பேர் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள். எங்கே தொடங்குவது?

போனவர்களின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விவரம் எழுதுங்கள்: எத்தனையாவது நாளில் வேலையை விட்டார், எந்த ஷிப்ட், யாருக்குக் கீழ். நான் முதன்முறை இதைச் செய்தபோது பெரும்பாலான பெயர்கள் இரவு ஷிப்டில், ஒரே சூப்பர்வைசரின் வரிசையில் வந்து விழுந்தன. அவர் கெட்டவர் அல்லர். உற்பத்தி எண்ணிக்கையை மட்டும் வைத்து அவரை அளந்தோம். புதியவருக்குக் கற்றுக்கொடுக்க அவருக்கு ஐந்து நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. முதல் நாளே முழு வேக எந்திரத்தில் நின்ற பையன், மூன்றாம் நாள் வீங்கிய கையோடு ஊருக்குப் பஸ் ஏறினான். பிறகு, புதியவர் வந்தால் முதல் பத்து நாளுக்கு அந்த வரிசையின் இலக்கைக் குறைத்தோம். பழைய தொழிலாளி ஒருவரைத் துணைக்கு விட்டு, அவருக்கு அதற்கென ஒரு தொகையும் கொடுத்தோம். அடுத்த சில மாதங்களிலேயே வித்தியாசம் தெரிந்தது.

இன்னொன்று. பி.எஃப். 12%, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75%, சாப்பாடு, பஸ் எல்லாம் பிடித்தது போகக் கையில் எவ்வளவு வரும் என்பதைச் சேரும் நாளிலேயே தாளில் எழுதிக் கொடுங்கள். முதல் சம்பள நாளில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். அசல் சான்றிதழ்களை ஒருபோதும் வாங்கி வைக்காதீர்கள்.

திண்டுக்கல் நூற்பாலை நிர்வாகி: சம்பளத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, மூன்று ஆண்டு முடித்தால் மொத்தமாகக் கொடுக்கலாமா?

கூடாது. 'சுமங்கலி திட்டம்' என்று இதைச் செய்துதான் நம் நூற்பாலைகள் கெட்ட பெயர் எடுத்தன. முப்பதாவது மாதத்தில் உடல்நலம் கெட்டு வீடு திரும்பிய பெண்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனது. அந்த ஊரிலிருந்து அதன்பின் யார் வருவார்கள்? மாதக் கூலியை மாதமே கொடுங்கள். நீண்ட சேவைக்குப் பரிசு தருவதென்றால் அதற்கு மேல் தாருங்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு ஐந்து ஆண்டு முடிந்தால், ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டப்படியே உண்டு. அது தெரியாமல் நான்காம் ஆண்டில் விலகியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சென்னை உறுப்பினர்: ஏன் இவ்வளவு சுற்று? அமெரிக்கக் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு 1914-இல் தினக்கூலியை 5 டாலர் ஆக்கினார், ஆட்கள் நிலைத்தார்கள். சம்பளம்தான் விடை.

அந்தக் கதையை முழுதாகச் சொல்லுங்கள். 1913-இல் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க அந்நிறுவனம் 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. கூலி உயரும் முன்பே, அதே 1913 அக்டோபரில், நினைத்தவுடன் ஆளை விலக்கும் அதிகாரத்தை மேஸ்திரிகளிடமிருந்து எடுத்தார்கள். திறமைக்கேற்ற கூலிப் படிநிலையும் வகுத்தார்கள். 1914 ஜனவரியில் கூலியோடு வேலை நேரமும் ஒன்பது மணியிலிருந்து எட்டானது. இதில் சம்பளத்தை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பீர்கள்?

அவரே: 5 டாலர் இல்லாவிட்டால் மற்றவை எடுபட்டிருக்குமா?

எடுபட்டிருக்காது. பக்கத்து ஆலையைவிடக் கூலி குறைவென்றால் நான் சொல்வது எதுவும் உதவாது, இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போன்ற இடங்களில் ஒரே வேலைக்குச் சம்பளம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமை விடுப்பும், சூப்பர்வைசரின் வாயும்தான் முடிவு செய்கின்றன.

கோவை உறுப்பினர்: அந்த 5 டாலருக்காகத் தொழிலாளியின் வீட்டுக்குள்ளேயே விசாரணைக்குப் போனார்களே?

ஆம். பாதிக்கு மேல் இலாபப் பங்கு என்ற பெயரில் வந்தது. குடும்பம், குடிப்பழக்கம், சேமிப்பு எல்லாவற்றையும் பார்த்துத்தான் கொடுத்தார்கள். அந்தப் பகுதியை யாரும் பின்பற்ற வேண்டாம்.

ராணிப்பேட்டை உறுப்பினர்: 480 நாள் ஆகும் முன் ஒப்பந்தத் தொழிலாளர்களை நிறுத்தி, புதியவர்களைச் சேர்க்கிறோம். தரம் விழுகிறது.

24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி என்பது 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். அதைத் தவிர்க்க, பழகிய கையை நீங்களே வெளியே அனுப்புகிறீர்கள். தரம் அந்தக் கையோடு போகிறது.

மதுரை உறுப்பினர்: பழைய கம்பெனி பி.எஃப். மாற்ற முடியவில்லை.

இது என் துறை அல்ல. வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் கேளுங்கள்.

கரூர் உறுப்பினர்: ஆட்கள் நிற்பதில்லை. சம்பளம் கூட்டலாமா?

மூன்றாவது முறையாக இதே கேள்வி. மேலே எழுதிவிட்டேன். முதலில் அந்தப் பட்டியலை எடுங்கள்.

திருப்பூர் உறுப்பினர்: ஒடிசா தொழிலாளர்கள் பண்டிகைக்குப் போனால் திரும்புவதில்லை. அவர்கள் ஆதார் அட்டையை வாங்கி வைக்கச் சிலர் சொல்கிறார்கள்.

வைக்கவே வைக்காதீர்கள்! ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. நீங்கள் விடுப்புக்குக் கையெழுத்திடுவதோ கிளம்பும் வாரத்தில். இருக்கை இல்லாமல் நின்றுகொண்டே போனவர், திரும்பவும் டிக்கெட் கிடைக்காமல் பத்து நாள் தாமதமாகிறார். ஏச்சுக்குப் பயந்து வேறு ஆலையில் சேர்ந்துவிடுகிறார். இரண்டு மாதம் முன்பே விடுப்பை உறுதி செய்யுங்கள். திரும்பும் டிக்கெட்டையும் முன்பதிவு திறக்கும் நாளிலேயே எடுத்துக் கொடுங்கள். ஏற்கெனவே வாங்கி வைத்த அட்டை ஏதும் அலமாரியில் இருந்தால், இன்றைக்கே அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள்.