‘எல்லாரும் பத்திரமாகத்தானே வருகிறார்கள்?’

கேள்வி: எனக்கு வயது 27. நண்பர்கள் இருவரோடு ஆப்கானிஸ்தானில் பாமியான் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போகலாம் என்று இருக்கிறேன். போய்வந்தவர்களின் வீடியோக்களில் எல்லாரும் பத்திரமாகத்தான் இருக்கிறார்கள். அம்மா மட்டும் ஒரேயடியாக மறுக்கிறார். அவ்வளவு ஆபத்தா?

பதில்: தம்பி, வீடியோக்கள் பொய் இல்லை. போகிறவர்களில் பெரும்பாலோர் நல்லபடியாகத்தான் திரும்புகிறார்கள். ஆனால் ஏதாவது ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்பது அந்த வீடியோக்களில் வராது.

2024 மே 17 அன்று பாமியான் கடைவீதியில் ஒரு சுற்றுலாக் குழுவைத் துப்பாக்கியால் சுட்டார்கள். ஸ்பெயின்காரர்கள் மூன்று பேர் இறந்தார்கள், உடன் இருந்த ஆப்கானியர்களும் பலியானார்கள். இத்தனைக்கும், அந்த நாட்டில் அமைதியான ஊர் என்று பெயர் வாங்கியது பாமியான். காயம்பட்டவர்களைத் தரைவழியாகக் காபூல் மருத்துவமனையில் சேர்ப்பதற்குள் நள்ளிரவும் தாண்டிவிட்டது. எனக்குப் பெரிய பயமே இந்தத் தூரம்தான். துப்பாக்கிச் சூடுதான் நடக்க வேண்டும் என்பதில்லை. கார் கவிழ்ந்தாலும், குடல்வால் வெடித்தாலும் இதே பாதையில்தான் போயாக வேண்டும்.

பயணக் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். பல பாலிசிகள் போர், பயங்கரவாதம் தொடர்பான இழப்புகளுக்குப் பணம் தருவதில்லை. ‘போகாதீர்கள்’ என்று அரசே எச்சரித்த நாடு என்றால் பாலிசி மொத்தமாகவே செல்லாமல் போகலாம். அப்புறம், 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் காபூலைப் பிடித்ததும் பல நாடுகள் தங்கள் தூதரகங்களை மூடிவிட்டன. சோதனைச் சாவடியைப் படம் எடுத்ததற்காக உங்களைப் பிடித்து வைத்தால், வந்து பேச ஆள் வேண்டுமே!

அமெரிக்க அரசு நாடுகளை ஆபத்தின்படி நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. ஆப்கானிஸ்தான் இருப்பது கடைசி நிலையில். அப்படிப்பட்ட இடத்துக்குப் போயே தீருவேன் என்பவர்களுக்கு அது சொல்வதைக் கேளுங்கள்: உயில் எழுதுங்கள், டிஎன்ஏ மாதிரியை மருத்துவரிடம் கொடுத்து வையுங்கள், யாராவது கடத்தினால் உயிரோடு இருப்பது நீங்கள்தான் என்று வீட்டார் உறுதிசெய்துகொள்ள ஒரு ரகசியக் கேள்வியைப் பேசி வையுங்கள். இதை அம்மாவோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

என் பதில், இப்போது வேண்டாம் என்பதுதான். உங்கள் ஆசையில் தப்பில்லை, ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு எங்கேயும் போய்விடாது.

மீறிப் போவதாக இருந்தால், நடைபாதையை விட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள். அங்கே கற்களுக்குச் சாயம் பூசியிருப்பார்கள். சிவப்பு என்றால் அதற்கு அப்பால் கண்ணிவெடி, வெள்ளை என்றால் அகற்றியாகிவிட்டது. சாயம் பூசாத இடத்தையும் நம்ப முடியாது. இருக்கும் இடத்தை அன்றன்றே இணையத்தில் போடாதீர்கள். தினமும் எந்த ஊர், எந்த வண்டி, எத்தனை மணிக்குப் பேசுவீர்கள் என்பது அம்மா கையில் தாளில் இருக்கட்டும்.

அதற்கெல்லாம் முன்னால், ஆப்கானிஸ்தானுக்குப் பாலிசி செல்லுமா, அங்கிருந்து விமானத்தில் நோயாளியை வெளியேற்றும் செலவைத் தருவார்களா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். ‘இல்லை’ என்று பதில் வந்தால் டிக்கெட் போடாதீர்கள்.