12-உம் 8-உம் சேர்ந்தால் 128 ஆவது ஏன்?

கேள்வி: பைத்தான் நிரல்மொழி கற்று வருகிறேன். பாம்பன் கரையில் நண்டு வாங்கும் என் அண்ணனுக்காக, இரண்டு கூடைகளின் எடையைக் கேட்டுக் கூட்டும் நிரல் ஒன்றை எழுதினேன். 12, 8 என்று கொடுத்தால் 128 என்கிறது. எங்கே பிழை?
– வாசகி, பாம்பன்

பதில்: விசைப்பலகையில் நீங்கள் தட்டுவது எதுவானாலும், ‘இன்புட்’ கட்டளை அதை எண்ணாக அல்ல, எழுத்துச் சரமாகவே, அதாவது எழுத்துகளின் வரிசையாகவே வாங்கித் தருவதால், கூட்டல் குறி அவ்விரண்டையும் கூட்டாமல் ஒட்டிவிடுகிறது. கூட்டுவதற்கு முன் எண்ணாக மாற்றிவிடுங்கள். நண்டு முழுக் கிலோவில் நிற்பது அரிது என்பதால் முழு எண்ணாக மாற்றும் ‘இன்ட்’ உங்களுக்கு உதவாது, 12.350 என்ற சரத்தை அதனிடம் கொடுத்தால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். எடைக்கு, புள்ளி வைத்த எண்ணாக மாற்றும் ‘ஃப்ளோட்’ போதும்.

பணத்துக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். ஃப்ளோட் எண்களை 0, 1 மட்டுமே கொண்ட இரும முறையில் வைத்திருப்பதால், பல பின்னங்கள் அதில் துல்லியமாக அடங்குவதில்லை; 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். கடலுக்குப் போய் வந்தவருடைய கூலிக் கணக்கில் ஒரு பைசாவும் பிசகக் கூடாது என்பதே என் எண்ணம். ஆகவே தொகையை, எண்ணைப் பதின்ம முறையிலேயே வைத்திருக்கும் ‘டெசிமல்’ வகையில், சரத்திலிருந்தே நேரடியாக மாற்றி வையுங்கள்.

அண்ணன் 1,25,000 என்று காற்புள்ளியோடு தட்டினாலும் பிழை வரும். மாற்றுமுன் ‘ரீப்ளேஸ்’ கொண்டு காற்புள்ளிகளை நீக்கிவிடுங்கள்.