12 மி.மீ. பிளேட்டுக்குப் பதில் 10 மி.மீ. ஹை டென்சைல் போடலாமா?

கேள்வி: டலாவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கடலில் இருக்கும் கேஸ் பிளாட்ஃபாரங்களுக்குச் சாமான் ஏற்றிப் போகும் பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) ஒன்று டெக் (மேல்தளம்) பழுதுக்கு வந்திருக்கிறது. பழைய பிளேட் 12 மி.மீ. சாதா ஸ்டீல், அடியில் 800 மி.மீ.க்கு ஒரு ஸ்டிஃப்னர் (விறைப்பாக்கும் பட்டை). கடைக்காரர், "10 மி.மீ. ஹை டென்சைல் போடுங்க, பலம் ஒன்றரை மடங்கு, எடையும் குறையும்" என்கிறார். போடலாமா? (வாசகர், ரங்கூன்)

பதில்: போடாதீர்கள்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. சாதா ஸ்டீல் ஒரு சதுர மி.மீ.க்கு 235 நியூட்டன் வரை தாங்கும், அவர் சொல்லும் ஹை டென்சைல், அதாவது அதிக இழுவிசை தாங்கும் ரகம், 355. ஆனால் அது இழுக்கும்போது உள்ள கணக்கு. இரண்டு அலைகளுக்கு நடுவே பார்ஜ் தொய்யும்போது டெக் அமுக்கப்படுகிறது. பிஸ்கட் டின் மூடியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். நசுங்காது, பட்டென்று நெளியும். அந்த நெளிவை எதிர்ப்பது ஸ்டீலின் விறைப்பு. அது எல்லா ரகத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மீதி எல்லாம் தடிமனும் ஸ்டிஃப்னர் இடைவெளியும்.

கணக்குப் போட்டால், உங்கள் 12 மி.மீ. பிளேட் சதுர மி.மீ.க்குச் சுமார் 150 நியூட்டனில் நெளியத் தொடங்கும். 10 மி.மீ. ஹை டென்சைல் 116-லேயே தொடங்கிவிடும். நெளிந்ததும் பிளேட் கைவிட்டுவிடாது, ஸ்டிஃப்னரை ஒட்டிய ஓரங்கள் இன்னும் கொஞ்சம் சுமக்கும். அதையும் சேர்க்கிற ஃபால்க்னர் சூத்திரப்படி ஒரு மீட்டர் அகலத்துக்குப் பழையது சுமார் 199 டன், புதியது 185 டன். கூடுதல் காசு கொடுத்துப் பலத்தைக் குறைத்துக்கொள்வானேன்?

நடுவில் இன்னொரு ஸ்டிஃப்னர் போட்டு இடைவெளியை 400 ஆக்கினால் 10 மி.மீ. தாராளமாகத் தாங்கும். ஆனால் சதுர மீட்டருக்கு மிச்சமாகும் 16 கிலோவில் பத்துக் கிலோவை ஸ்டிஃப்னராகப் போடும் 100×10 மி.மீ. பட்டையே தின்றுவிடும், வெல்டிங் கூலி வேறு.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். கப்பல், கடல் மேடைகளின் கட்டமைப்புக்கென்று 1961 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை சர்வதேச மாநாடு கூடுகிறது. அதில் இறுதி வலிமைக்கென்றே, அதாவது அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்பதற்கென்றே, தனிக்குழு உண்டு. பல நாட்டு ஆய்வாளர்கள் ஒரே பிளேட்டைத் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எல்லாரும் படித்தவர்கள், நல்ல மென்பொருள் வைத்திருப்பவர்கள், இருந்தும் விடைகள் ஒத்துப்போவதில்லை. வெல்டிங் சூட்டில் பிளேட் முன்பே எவ்வளவு வளைந்திருந்தது, ஓரத்தை எது எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதை அவரவர் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்வதுதான் பெரிய காரணம். அந்த வளைவு உண்டாகிற இடம் உங்கள் பட்டறை. மெல்லிய பிளேட் அதிகம் வளையும் என்பது உங்களுக்கே தெரியும்.

வளைவை வம்பாக நிமிர்த்துவதும் ஆபத்து. 1970 அக்டோபர் 15 அன்று மெல்போர்ன் வெஸ்ட் கேட் பாலத்தில் நெளிந்த பிளேட்டை நேராக்கப் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். அந்தப் பகுதியே இடிந்து 35 தொழிலாளர்கள் இறந்தார்கள். பாலமானால் என்ன, பார்ஜானால் என்ன, பிளேட்டின் குணம் ஒன்றுதான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. மழை விட்டதும் டெக்கில் ஏறி, ஸ்டிஃப்னர்களுக்கு நடுவே எங்கெங்கே தண்ணீர் கட்டி நிற்கிறது என்று சாக்பீஸால் குறியுங்கள். அங்கெல்லாம் நூல் பிடித்துக் குழியின் ஆழத்தையும், கேஜ் வைத்துத் தடிமனையும் அளந்து, கப்பலைச் சோதிக்கும் சர்வேயரிடம் கொடுங்கள். அவர் ஒப்புதல் இல்லாமல் தடிமனையோ ரகத்தையோ மாற்றக் கூடாது. துருவை மறந்துவிடாதீர்கள். ஒரு மி.மீ. போனால் 12-க்கு அது பன்னிரண்டில் ஒரு பங்கு, 10-க்குப் பத்தில் ஒரு பங்கு.

அப்புறம், புது 12 மி.மீ. வந்ததும் மில் சர்டிஃபிகேட்டிலுள்ள ஹீட் நம்பரும் (எந்த உருக்குத் தொகுதியில் வந்தது என்ற எண்) பிளேட்டில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்.