கால்கட்டுக்கு ஒரு பெண்ணா?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. விமானப்படை நேர்முகத் தேர்வில் தேறிவிட்டான். போர் விமானம்தான் ஓட்டுவேன் என்கிறான். 1971 போரில் இறந்த நிர்மல் ஜித் சிங் சேகோனின் படத்தை அறையில் ஒட்டியிருக்கிறான். கல்யாணமாகிச் சில மாதங்களில் போன பிள்ளையாமே! எனக்குத் தூக்கமே இல்லை. சொந்தத்தில் ஒரு பெண்ணைப் பேசி முடிக்கப் பார்க்கிறோம். அவன் மனதை எப்படி மாற்றுவது?
- ஒரு தாய்

பதில்: போகிற போக்கில் பெண் விஷயத்தைச் சொல்லிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரிதான் கண்ணில் படுகிறது. 25 வயதுக்குள் கல்யாணமாகிவிட்டால் விமானப்படைப் பயிற்சியில் சேர்க்க மாட்டார்கள். அது தெரிந்துதானே இந்த அவசரம்? அந்தப் பெண்ணிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். நாளை ஒரு விமானம் தலைக்கு மேலே போகும்போதெல்லாம் உங்கள் மகன் அவளை ஒரு பார்வை பார்ப்பானே, அதை ஆயுசுக்கும் தாங்கப்போவது அவள். உங்கள் பயத்துக்கு இன்னொருத்தி பெற்ற பெண் ஏன் வட்டி கட்ட வேண்டும்?

சேகோன் கதையையும் நீங்கள் பாதிதான் கேட்டிருக்கிறீர்கள். அவருடைய அப்பாவே விமானப்படைக்காரர். ஆபத்து இன்னதென்று தெரிந்த வீடு. 1971 டிசம்பர் 14 அன்று பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் ஸ்ரீநகர் தளத்தைத் தாக்கின. ஓடுதளத்தில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே சேகோன் தன் சின்னஞ்சிறு நாட் விமானத்தைக் கிளப்பினார். இரண்டு சேபர்களைத் தாக்கினார். மற்றவை சூழ்ந்துகொண்டு அவரை வீழ்த்தின. உடல்கூடக் கிடைக்கவில்லை. விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். புதுப் பெண்டாட்டி இருந்தும் அவர் கிளம்பினார். அந்தக் கதையைச் சொல்லி அழுகிற நீங்களே கல்யாணத்தை மருந்தாகப் பிடித்திருக்கிறீர்கள்!

ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆகலாம். போரே இல்லாத நாளிலும் பயிற்சியில் விமானம் விழுகிறது. அந்தப் பயத்தை மகனிடம் நேரில் சொல்லுங்கள், அழ வேண்டுமானால் அழுங்கள். பெற்றவளுக்கு அந்த உரிமை உண்டு. தந்திரம் செய்யத்தான் உரிமை இல்லை. கேட்டபிறகும் போகிறேன் என்றால், ஹைதராபாத் பக்கத்திலுள்ள டுண்டிகல் விமானப்படை அகாடமிக்குப் பெட்டி கட்டிக் கொடுங்கள்.

அதற்கு முன்னால், இன்றைக்கே பெண் வீட்டாருக்குப் போன் போட்டுப் பேச்சை நிறுத்துங்கள். உண்மைக் காரணத்தைச் சொல்லி நிறுத்துங்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி, பழியை அந்தப் பெண்ணின் தலையில் கட்டிவிடாதீர்கள்.